மதுரையிலிருந்து தேரிக்காட்டுக்கு ஒருநாள் பயணம்: முழுமையான வழிகாட்டி

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே சுமார் 12,000 ஏக்கரில் செக்கச்செவேலென்று மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் காடு. மதுரையிலிருந்து போகவர, அங்கே இங்கே சுற்றுவதையும் சேர்த்து, ஏறக்குறைய 400 கிலோமீட்டர். ஒரே நாளில் தாராளமாக முடியும். அப்படியும் போய் வந்தவர்களில் பலர், "ஒண்ணுமில்லப்பா, ஒரே வெக்கை" என்று சலித்துக்கொள்கிறார்கள். எத்தனை மணிக்கு மணலில் இறங்கினீர்கள் என்று கேட்டால் 11, 12 என்று பதில் வரும். கோளாறு அங்கேதான்.

தூரமோ வழியோ இங்கே பெரிய சிக்கல் இல்லை. வெயில் எப்போது எங்கே நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, மற்றதை அதற்கேற்ப அடுக்க வேண்டும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. முதல் நான்கும் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை.

1. மாதத்தையும் நாளையும் குறியுங்கள்

தை, மாசிதான் சரியான காலம். வடகிழக்கு மழை ஓய்ந்து மணலுக்கு அடியில் கொஞ்சம் ஈரம் தங்கியிருக்கும். கால் அதிகம் புதையாது, புழுதி பறக்காது, நிறமும் அடர்த்தியாக இருக்கும். கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்து மறுநாள் வானம் வெளுத்தால் அதைவிட அருமை. ஆனால் அதை நம்பி நாலு பேருக்கு விடுப்புப் போட முடியாது.

பங்குனி முதல் வைகாசி வரை பதநீரும் கொல்லாம்பழமும் (முந்திரிப்பழம்) கிடைக்கும். வெயிலும் சேர்ந்தே கிடைக்கும். அந்த மாதங்களில் முழுநாள் திட்டம் வேண்டாம். 4ஆம் படியில் சொல்லும் அரைநாள் திட்டம் போதும்.

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று மேடுகளின் தலையைச் சீவிக்கொண்டு போகும். மணல் முகத்தில் ஊசி மாதிரி குத்தும். பெரியவர்கள் கண்ணாடி போட்டுச் சமாளிக்கலாம், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம்.

அடுத்து, நாள். கந்த சஷ்டி, தைப்பூசம், மாசித் திருவிழா, வைகாசி விசாகம் ஆகிய நாட்களில் திருச்செந்தூர்ச் சாலை நகராது. புரட்டாசியில் குலசேகரப்பட்டினம் தசரா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கமே வேடம் கட்டியவர்களும் வேன்களுமாக இருக்கும். பங்குனி உத்திரத்தன்று தேரிக்குள் இருக்கும் அய்யனார் கோயில்களுக்குக் குலதெய்வம் கும்பிட ஊரே திரண்டு வரும். கார்த்திகைக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டுத் திருவிழா. திருவிழா பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அது வேறு பயணம். மணல் பார்க்க வருகிறவர்கள் செவ்வாய், புதன், வியாழன் என்று வாரநாளாகப் பாருங்கள். ஞாயிறு திருச்செந்தூருக்கு எப்போதுமே கூட்டம்.

2. காப்புக்காடு என்பதை மறக்காதீர்கள்

தேரியின் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. கோயில்களைச் சுற்றியும் தார்ச்சாலை ஓரத்திலும் மக்கள் வந்து போகிறார்கள். அதைத் தாண்டி உள்ளே நெடுந்தூரம் நடக்க நினைத்தால் திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். அன்று காலையில் போய்க் கேட்க முடியாது, ஏனென்றால் நீங்கள் வந்து சேரும் நேரத்தில் அலுவலகம் திறந்திருக்காது. இரண்டு மூன்று நாள் முன்பே பேசிவிடுங்கள்.

அடுப்பு மூட்டுவது, மது, இரவு தங்கல் எதுவும் கூடாது. உதிர்ந்த பனையோலையும் சருகும் காய்ந்து கிடக்கும் காட்டில் ஒரு பீடித் துண்டே போதும். ட்ரோன் கொண்டு வரவே வேண்டாம். காடு ஒரு காரணம். பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அது இன்னொரு காரணம். வேலி, பலகை கண்ட இடத்தில் திரும்பிவிடுங்கள். ஞாபகத்துக்கென்று பாட்டிலில் மணல் அள்ளுவதும் வேண்டாம்.

3. ஒரே ஒரு வாசலைத் தேர்ந்தெடுங்கள்

தேரிக்குள் போக எத்தனையோ வழி உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டே இரண்டு போதும், அதிலும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

நடக்கவும் மேடுகளைப் பார்க்கவும் வருகிறவர்கள் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலைக் குறிவையுங்கள். திருச்செந்தூரிலிருந்து காயாமொழி வழியாக 12, 15 கிலோமீட்டர். கோயில் வரை தார்ச்சாலை இருக்கிறது, அதை ஒட்டியே செம்மணல் தொடங்கிவிடும்.

வயதானவர்கள், கைக்குழந்தை என்று குடும்பமாக வந்தால் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் ஏற்றது. சுனையும் மர நிழலும் உண்டு. நடக்க முடியாதவர்கள் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் கொஞ்ச தூரம் மணலில் போய் வரலாம். சுனை கோயிலுக்குரியது. அதில் கால் கழுவுவது, பாட்டில் அலசுவது கூடாது.

அலைபேசி வரைபடத்தில் 'தேரிக்காடு' என்று மட்டும் போட்டுக் கிளம்புவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. குறி நடுக்காட்டில் போய் விழும். வரைபடமும் சளைக்காமல் ஒரு மாட்டுவண்டித் தடத்தில் உங்களை இறக்கிவிடும். கோயில் பெயரைப் போடுங்கள்.

4. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

தை மாதத்தில் இந்தப் பக்கம் சூரியன் 6.35 வாக்கில் உதித்து 6.15 வாக்கில் அடையும். செம்மணல் அழகாக இருப்பது உதயத்துக்குப் பின் முதல் இரண்டு மணி நேரமும் அடைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும்தான். சாய்வு வெளிச்சத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும், காற்று போட்ட வரி தனித்தனியாகத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் ஒரே தட்டையாக வெளிறிவிடும். அதோடு கால் வைக்கவும் முடியாது. காற்று 35 டிகிரியாக இருக்கும்போதே மணலின் மேற்பரப்பு 50-ஐத் தாண்டும்.

ஆகவே 6.30-க்குக் கோயில் வாசலில் நிற்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால்:

அதிகாலை 2.45 – மதுரையில் கிளம்புதல்
4.30 – எட்டயபுரம் பக்கம் டீ, கை கால் நீட்டல்
6.30 – தேரிக்குடியிருப்பு
6.45 முதல் 9 வரை – மணல்
9.30 – தேரியை விட்டு வெளியே
10 முதல் 3.30 வரை – திருச்செந்தூர்: சாப்பாடு, தரிசனம், தூக்கம்
4.15 – மணப்பாடு
6.30 – ஊர் திரும்பல்
இரவு 10.45 – மதுரை

இந்த அட்டவணையைக் கெடுப்பது போக்குவரத்து இல்லை, வீட்டுப் பெரியவர்கள். "முதல்ல முருகனைக் கும்பிட்டுட்டு அப்புறம் எங்க வேணா போவோம்" என்பார்கள். தரிசன வரிசையில் நின்று வெளியே வந்து, இட்லி சாப்பிட்டு, கடலில் கால் நனைத்து முடித்தால் 11 மணி. அதைக் கிளம்பும் முன்பே பேசித் தீர்த்துவிடுங்கள். "அத்தை, தேரியிலயும் அய்யனார் இருக்காரு. அவருக்கு ஒரு சூடம் ஏத்திட்டு, வெயில் ஏறினதும் முருகன்கிட்டப் போயிருவோம்" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். திருச்செந்தூர் நடை காலை 5-க்குத் திறந்தால் இரவு 9 வரை திறந்திருக்கும். மதியம் சாத்திவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம்.

விடியற்காலை எழுந்திருக்கவே முடியாத கூட்டத்துக்கு அரைநாள் திட்டம்: மதியம் 12-க்கு மதுரையில் சாப்பிட்டுக் கிளம்பி, 4 மணிக்குத் தேரி, 6 மணிக்கு மணலை விட்டு வெளியே, இரவு 10 மணிக்கு வீடு. வேறு எந்த இடமும் கிடையாது. கோடை மாதங்களில் இதுதான் சரி.

5. வழி

காரில் போகிறவர்கள் சுற்றுச்சாலை மண்டேலா நகரிலிருந்து தூத்துக்குடி நான்குவழிச்சாலையைப் பிடியுங்கள். அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை. எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முதல்நாளே பாருங்கள். தூத்துக்குடி ஊருக்குள் நுழையாமல் புறவழியில் போய், முத்தையாபுரம், முக்காணி, ஆத்தூர், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர். முக்காணியில் தாமிரபரணிப் பாலம் தாண்டியதும் சாலை குறுகும், ஊர்கள் அடுத்தடுத்து வரும். அங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதால்தான் கடைசி 50 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வழி பச்சைப்பசேலென்று நன்றாக இருக்கும். ஆனால் தூரம் கூட, சுங்கச்சாவடி மூன்று. ஒருநாள் பயணத்துக்கு வேண்டாம்.

அதிகாலை ஓட்டத்தில் பின்விளக்கு எரியாத லாரியும் சாலையில் படுத்திருக்கும் மாடும்தான் ஆபத்து. 80-க்கு மேல் போக வேண்டிய அவசியம் இந்த அட்டவணையில் இல்லை. ஓட்டுகிறவர் முந்தின இரவு 9 மணிக்காவது படுக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த இன்னொருவர் வண்டியில் இருப்பது நல்லது. திரும்பும்போதுதான் அவர் அருமை தெரியும்.

பேருந்தில் போவதானால் மாட்டுத்தாவணியிலிருந்து திருச்செந்தூருக்கு நேரடி வண்டிகள் உண்டு. நாலரை, ஐந்து மணி நேரம் பிடிக்கும். நள்ளிரவு வாக்கில் ஏறினால் விடியுமுன் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஆட்டோ. போகவர, மூன்று மணி நேரம் காத்திருக்க என்று மொத்தமாகப் பேசி முடியுங்கள். "இறக்கிவிட்டுட்டுப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லாதீர்கள். காலை 9 மணிக்குத் தேரிக்குடியிருப்பில் காலி ஆட்டோ தேடி நிற்பது சுகமான அனுபவம் இல்லை.

6. எடுத்துப் போக வேண்டியவை

தண்ணீர்தான் முதலில். ஆளுக்கு 4 லிட்டர். காலை நடைக்கு ஒன்றரை லிட்டர் கையில், மிச்சம் வண்டியில். மேட்டுக்குள் கடையோ குழாயோ கிடையாது. பெரிய கேனாக ஒன்று எடுத்துவந்து வண்டியில் வைத்துவிட்டுப் போவது பயனில்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களாக ஒவ்வொருவர் தோளிலும் இருக்க வேண்டும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது, தலை கிறுகிறுக்கும். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பிளாஸ்க், அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஒன்று.

சாப்பாடு வீட்டிலிருந்தே எடுங்கள். இட்லியில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டினால் காலை 9 மணி வரை அப்படியே இருக்கும். தேங்காய்ச் சட்னி மூடிய டப்பாவுக்குள் புளித்துவிடும். புளிச்சாதம் இன்னும் பத்திரம்.

காலுக்கு மூடிய ஷூவும் கெட்டியான பருத்தி சாக்ஸும். வலைத்துணி ஷூவுக்குள் மணல் சல்லடை மாதிரி இறங்கும். ரப்பர் செருப்பு ஒவ்வோர் அடிக்கும் மணலை வாரிப் பின்னங்காலில் அடிக்கும், முள்ளும் அடியைத் துளைத்து ஏறும். மெல்லிய முழுக்கால் சட்டை போடுங்கள், காரணம் 9ஆம் படியில்.

இன்னும் சில: தொப்பி அல்லது துண்டு, ஒரு குச்சி, முள் எடுக்க இடுக்கி, மருந்துப் பட்டி, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்த அலைபேசி, அதற்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. நுண்மணல் சார்ஜ் துளைக்குள் போய் இறுகிக்கொள்ளும். கேமரா வைத்திருப்பவர்கள் லென்ஸை வண்டிக்குள்ளேயே மாட்டிவிடுங்கள், மேட்டில் கழற்றாதீர்கள். தானியங்கி வண்ணச் சமநிலை சிவப்பைக் குறைத்துக் காட்டும். அதைப் பகல்வெளிச்சத்துக்கு மாற்றினால்தான் கண்ணில் பார்த்த நிறம் படத்தில் வரும்.

வண்டியில் ஒரு சின்ன மண்வெட்டி, காற்றடிக்கும் கருவி, அழுத்தமானி. ஏன் என்பது அடுத்த படியில்.

7. வண்டியைத் தார்ச்சாலையிலேயே விடுங்கள்

கோயில் முன்னால் இறுகிய தரையில் நிறுத்திவிட்டு இறங்குங்கள். "இன்னும் கொஞ்சம் உள்ள போயிப் பாப்போமே" என்ற ஆசையில்தான் வண்டிகள் சிக்குகின்றன. மேலே பார்த்தால் சக்கரத்தடம் இருக்கும், கெட்டியாகத் தெரியும். அந்தத் தடம் டிராக்டருடையது. காரின் மெல்லிய டயர் அதே இடத்தில் அச்சு வரை இறங்கிவிடும்.

அப்படியும் சிக்கிவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். சுழலும் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டும். அரை நிமிடத்தில் வண்டியின் அடிவயிறு மணலில் உட்கார்ந்துவிடும். பிறகு ஆள்பலத்தால் ஆகாது.

எல்லோரும் இறங்குங்கள். வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் எளிது, அது ஏற்கெனவே அமுங்கிய தரை. பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கும். அந்தச் சக்கரங்களுக்குப் பின்பக்கம் இருக்கும் மணலைச் சரிவாக வெட்டி எடுத்துவிட்டு, கால்மிதியை டயருக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். டயர் காற்று 32 பி.எஸ்.ஐ. இருந்தால் 18, 20-க்குக் குறையுங்கள். டயர் தட்டையாகப் படிந்து பரப்பு கூடும், புதைவது குறையும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, கிளட்சை மெதுவாக விட்டு, உறுமவிடாமல் நகர்த்துங்கள். மிதி டயருக்கடியிலிருந்து சீறிக்கொண்டு பறக்கும், அதனால் தள்ளுகிறவர்கள் சக்கரத்துக்கு நேராக நிற்கக் கூடாது.

தாருக்கு வந்ததும் மறுபடி 32 அடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குறைந்த காற்றில் நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறி வெடிக்கும்.

8. மணலில் நடப்பது

முதலில் நிறுத்திய இடத்தை அலைபேசியில் குறித்து வையுங்கள். அடுத்து, தூரத்திலிருந்து தெரியும் ஒன்றைக் கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள்: கோயில், அலைபேசிக் கோபுரம், தனித்து நிற்கும் ஓர் ஒற்றைப் பனை. தேரியில் எல்லா மேடும் ஒன்று போலத்தான் இருக்கும். பள்ளத்தில் இறங்கினால் நாலு பக்கமும் சிவப்புச் சுவர்தான். சிக்னலும் அங்கே சரியாக இருக்காது.

கால்தடத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம் என்று நம்பாதீர்கள். நல்ல காற்று அடித்தால் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். ஒவ்வொரு மேட்டின் தலையிலும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது போதும். நீங்கள் பிடித்துவைத்த அடையாளம் தெரிகிறதா? தெரிந்தால் அடுத்த மேடு. தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்தம்.

தளர்ந்த மணலில் நடக்கத் தார்ச்சாலையைவிட இருமடங்குக்கு மேல் சக்தி செலவாகும். மணிக்கு 2 கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். முக்கால் மணி நேரம் போய், அரை மணி நேரம் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் திரும்பினால் போதுமானது. போகும்போது குளிர்ச்சி, திரும்பும்போது வெயில் என்பதையும் மறக்க வேண்டாம். பாதித் தண்ணீர் தீர்ந்தால், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டியதுதான்.

ஏற்றத்தில் நேராக ஏறாமல் குறுக்காக, சரிவைத் தழுவியபடி ஏறுங்கள். காற்று வரும் பக்கம் மணல் இறுகியிருக்கும், காற்று மறைவில் பொலபொலவென்று சரியும். வரிவரியாக அலை போட்டிருக்கும் பக்கம்தான் கெட்டி. பாதத்தைத் தட்டையாக வைத்தால் குறைவாகப் புதையும். குதிகாலை ஊன்றி நடக்கிற பழக்கம் இங்கே கெண்டைக்காலைப் பிடித்துவிடும்.

குனிந்து ஒரு கை மணல் அள்ளிப் பாருங்கள். பரல்கள் உருண்டையாக, மேலே செந்தூரம் பூசினது மாதிரி இருக்கும். அந்தப் பூச்சு இரும்பு ஆக்சைடு. நடுவில் கறுப்பாக மினுங்குகிறதே, அது இல்மனைட் முதலான கனமான தாதுக்கள். காற்று லேசானதைத் தள்ளிக்கொண்டு போக, இவை பின்தங்கி அலையின் பள்ளங்களில் கறுப்புக் கோடுகளாகச் சேரும். காலைச் சாய்வெயிலில் அந்தக் கோடுகள் நன்றாகத் தெரியும்.

9. முள், கருக்கு, கொல்லாங்கொட்டை, பாம்பு

குடை விரித்தது போல நிற்கும் உடைமரத்தின் நிழல் அழகாகக் கூப்பிடும். அடியில் உதிர்ந்த முள் மணலுக்குள் புதைந்து கிடக்கும். விரிப்புப் போடுமுன் குச்சியால் கிளறிப் பாருங்கள்.

வடலிகள், அதாவது இளம்பனைகள், இடுப்பளவு உயரத்தில் புதராக நிற்கும். அவற்றின் மட்டை ஓரத்தில் இருக்கும் கருக்கு ரம்பம் போல அறுக்கும். முழுக்கால் சட்டை இதற்குத்தான்.

சீசனில் கொல்லாம்பழம் கண்ணைப் பறிக்கும். அந்தத் தோப்புகளுக்கு ஏலம் எடுத்தவர்கள் உண்டு, கேட்காமல் பறிக்கக் கூடாது. வாங்கித் தின்றால் பழத்தை மட்டும் தின்னுங்கள். பச்சைக் கொட்டையைப் பல்லால் கடித்தால் தோட்டில் இருக்கும் பால் உதட்டையும் வாயையும் புண்ணாக்கிவிடும். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுருட்டை விரியன் இப்படிப்பட்ட வறண்ட மணல்காட்டுப் பாம்பு. சின்னதாக, மண் நிறத்தில் இருக்கும். காய்ந்த ஓலைக்கு அடியில் கிடந்தால் தெரியாது. ஓலைக் குவியலில் கை விடாதீர்கள், இருட்டியபின் மணலில் நிற்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. கடிபட்ட காலை அசைக்காமல் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிட்டு, திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பெரிய மருத்துவமனை தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

10. பகல் 10 முதல் 3.30 வரை

இது நிழலில் இருக்க வேண்டிய நேரம். தரிசனம், சாப்பாடு, அதற்குப்பின் ஓட்டுநருக்குக் கட்டாயம் ஒன்றரை மணி நேரத் தூக்கம். ஒரு சாதாரண அறையைப் பகலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டால் மணலைக் கழுவிக் குளிக்கவும் ஆகும். அந்தச் செலவில் சிக்கனம் பார்த்தால் இரவு 9 மணிக்கு நெடுஞ்சாலையில் கண் சொக்கும்.

பதநீர் குடிக்க ஆசைப்பட்டால் தேரியிலிருந்து வெளியே வரும் வழியிலேயே, காலை 10 மணிக்குள் குடித்துவிடுங்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருப்பதால்தான் அது இனிப்பாக நிற்கிறது. வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கும். பாட்டிலில் அடைத்து மதுரைக்குக் கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள், வழியிலேயே மூடி தெறிக்கும்.

வாங்கிப் போக வேண்டியது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது, போலியும் அதற்கேற்ப அதிகம். ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிப் பரல் மாதிரி பளபளத்தால் கலப்படம். மங்கலாக, கருமை கலந்த பழுப்பாக இருக்க வேண்டும், நாக்கில் லேசாக உப்புக் கரிக்க வேண்டும்.

11. மாலைக்கு ஒரே இடம்

மணப்பாடு, அல்லது மறுபடி தேரி. இரண்டில் ஒன்று. மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. காலையில் சிவப்பு மணல், மாலையில் வெளுத்த கடல்மணல் என்று பார்ப்பதில் ஒரு ருசி உண்டு. திருச்செந்தூரிலிருந்து குலசேகரப்பட்டினம் வழியாகச் சுமார் 18 கிலோமீட்டர்.

இதோடு வல்லநாடு மான் சரணாலயம், நவதிருப்பதி, ஆதிச்சநல்லூர் என்று கோத்துக்கொண்டே போகிறவர்கள் உண்டு. எல்லாமே பார்க்க வேண்டியவைதான், இன்றைக்கு இல்லை. ஒவ்வொன்றும் வண்டி ஏறி இறங்கி முக்கால் மணி நேரம் தின்னும். கடைசியில் எதையும் பார்க்காமல் எல்லா இடத்திலும் படம் மட்டும் எடுத்து வருவீர்கள்.

தேரிக்கே மறுபடி போகிறவர்கள் 4.30-க்கு உள்ளே, 6 மணிக்கு வெளியே. சூரியன் அடைவதைக் கோயிலை ஒட்டிய முதல் மேட்டிலிருந்து பாருங்கள். அடைந்தபின் அரை மணி நேரத்தில் இருட்டிவிடும்.

12. கிளம்புமுன், வீடு சேர்ந்தபின்

வண்டியில் ஏறுமுன் எல்லோரும் ஷூவைக் கழற்றித் தட்டுங்கள், கால் சட்டை மடிப்பை விரித்து உதறுங்கள். அந்த மணல் வண்டித் தரைவிரிப்புக்குள் போனால் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். திரும்பும் வழியில் எட்டயபுரத்தில் மறுபடி நிறுத்தம். அங்கே ஓட்டுநரை மாற்றுங்கள்.

துணியை நேராகத் தண்ணீரில் போடக் கூடாது. காயவைத்து, தட்டி, உதறி, அப்புறம்தான் நனைக்க வேண்டும். செம்புழுதி ஈரத்தோடு நூலுக்குள் இறங்கினால் கறை பிடித்துக்கொள்ளும். அது இரும்புக்கறை என்பதால் பிளீச்சிங் பவுடர் போட்டால் போகாது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசினால் பெருமளவு போகும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை என்றால் அதுவும் உத்தரவாதம் இல்லை.

இரண்டு மூன்று நாளில் காரின் ஏர் ஃபில்டரையும் ஏ.சி. ஃபில்டரையும் கழற்றி ஊதிவிடுங்கள். காற்றுக் காலத்தில் போய் வந்திருந்தால் அவற்றின் மடிப்புகளில் ஒரு கரண்டி செம்மண்ணாவது கொட்டும்.